மோட்டார் நின்றால் தெரியும் ஒழுகல்

விருதுநகர், சிவகாசி பக்கம் மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புப் பணிக்காகக் காலையில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். எந்தெந்தப் பகுதியில் என்று முந்தின நாளே நாளிதழில் வந்துவிடும். மிக்ஸியில் அரைக்க வேண்டியதை அரைத்து, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி வைத்துவிட்டால் மற்ற வீடுகளுக்கு அன்றைய ஏற்பாடு முடிந்தது. துளை போட்ட மீன் தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு. மோட்டார் நின்ற பிறகு தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் மறைந்திருக்கும் ஒழுகல்கூட அப்போதுதான் வெளியே தெரியும்.

சாதாரண மீன் தொட்டி என்பது ஐந்து கண்ணாடிகளை ஒட்டிய பெட்டி. ஊற்றிய தண்ணீர் அதற்குள்ளேயே கிடக்கும். துளை போட்ட தொட்டியின் அமைப்பு வேறு. பின்பக்கக் கண்ணாடியிலோ அடிக்கண்ணாடியிலோ துளையிட்டு, அந்தத் துளையைச் சுற்றி உள்ளே ஒரு சின்ன அறை கட்டியிருப்பார்கள். அதுதான் ஓவர்ஃப்ளோ பாக்ஸ். தண்ணீர் அதன் விளிம்பைத் தாண்டி அறைக்குள் விழுந்து, துளை வழியாகக் குழாயில் இறங்கி, ஸ்டாண்டுக்குள் வைத்திருக்கும் சம்ப் தொட்டிக்குப் போகும். அங்கே வடிகட்டிய தண்ணீரை மோட்டார் மறுபடியும் மேலே ஏற்றும். தண்ணீரின் மேல் படியும் எண்ணெய்ப் படலமும் தூசியும் முதலில் வழிந்து போய்விடுவதால் தொட்டி பளிச்சென்று இருக்கும். ஹீட்டர், ஃபில்டர் என்று எதுவும் கண்ணில் படாது. அதற்காகத்தான் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்.

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கண்மாயில் கலுங்கு செய்கிற வேலையைத்தான் இந்தப் பெட்டியின் விளிம்பு செய்கிறது. கலுங்கின் மேல் வரிசையாக நட்ட கற்களுக்கு நடுவே மறுகால் பாய்வதைப் போல, பெட்டி விளிம்பின் பற்களுக்கு நடுவே தொட்டித் தண்ணீர் வழிகிறது. வரத்து இருக்கும்வரை வழியும். வரத்து நின்றால் மட்டம் கலுங்கோடு நிற்கும். கலுங்குக்கு அடியில் அரிப்பு விழுந்திருந்தால் மட்டம் அங்கே நிற்காது, இறங்கிக்கொண்டே போகும். வரத்து இருக்கிற நாளில் அந்த அரிப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

தொட்டிக்குள்ளும் இதேதான் நடக்கிறது. மோட்டார் ஓடும்போது மேலிருந்து வழிகிற தண்ணீரும், பெட்டியின் ஒட்டில் கசிகிற தண்ணீரும் ஒரே குழாயில்தான் இறங்குகின்றன. தரை காய்ந்தே கிடக்கும். சம்ப் மட்டமும் மாறாது. கரண்ட் போன பிறகுதான் கணக்கு மாறுகிறது.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். வீடுகளில் பரவலாக இருக்கும் அளவு இது. விளிம்புவரை நிறைத்தால் சுமார் 240 லிட்டர் பிடிக்கும். இதில் மட்டம் 1 செ.மீ. இறங்கினால் ஏறத்தாழ ஐந்தரை லிட்டர் கீழே போய்விட்டது என்று அர்த்தம். பெட்டி 15 செ.மீ. ஆழம் உள்ளது, ஒட்டு அதன் அடியில் விட்டிருக்கிறது என்றால், மின்சாரம் திரும்பி வருவதற்குள் 80 லிட்டர்வரை சம்பில் இறங்கலாம். கீழே இருப்பது இரண்டரை அடிக்கு ஓரடி சம்ப் என்றால் அதன் முழுக் கொள்ளளவே 70 லிட்டருக்கு உட்பட்டது. அதிலும் பாதி ஏற்கெனவே நிறைந்திருக்கும். மீதியெல்லாம் தரைக்குத்தான். மூலையில் அடிவரை இறங்கும் பெட்டியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மீன்கள் தரைதட்டும்வரை தண்ணீர் வடியும்.

ஆகவே ஒழுகுகிறது என்று சந்தேகம் வந்தவுடன் சிலிக்கான் குழாய் வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். வழிதல் அடங்கியதும் தொட்டிக்கு வெளியே தண்ணீர் மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீரை வைத்து அதிலும் அடையாளம் போடுங்கள். சித்திரை வெயிலில் எந்தத் தண்ணீரும் ஆவியாகி இறங்கும். வாளியில் இறங்கிய அளவுக்கே தொட்டியிலும் இறங்கியிருந்தால் அது வெயிலின் வேலை. அதைவிட அதிகமாக இறங்கியிருந்தால்தான் ஒழுகல். அடுத்ததாகப் பெட்டிக்குள் நிற்கும் தண்ணீரை ஒரு சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, உள் மூலைகளைத் துடைத்து, அங்கங்கே டிஷ்யூ காகிதம் ஒட்டி வையுங்கள். எந்த மூலைக் காகிதம் முதலில் நனைகிறதோ அங்கேதான் ஒட்டு விட்டிருக்கிறது. இந்தச் சோதனைக்குக் காசு செலவு இல்லை. ஆனாலும் பலர் இதைச் செய்யாமல் எல்லா மூலைகளிலும் சிலிக்கானை அப்பி, கடைசியில் எங்கே ஒழுகியது என்பதே தெரியாமல் நிற்கிறார்கள்.

வெளியே சொட்டுகிற ஒழுகல் இன்னொரு வகை. இதில் கண்ணை நம்பக் கூடாது. தண்ணீர் குழாயைப் பிடித்துக்கொண்டே இறங்கி, ஒரு முழம் தள்ளி ஏதாவது வளைவில்தான் சொட்டும். சொட்டுகிற இடம் ஒன்று, கசிகிற இடம் வேறொன்று. துளையைச் சுற்றி வெளிக் கண்ணாடியையும் குழாயையும் நன்றாகத் துடைத்து உலரவிட்டு, முகப்பவுடரையோ திருநீற்றையோ மெல்லிசாகத் தடவி வைத்தால் கசியும் கோடு தனியாகக் கருத்துத் தெரியும். கடல்நீர்த் தொட்டியாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம், கசிவு ஆரம்பிக்கும் இடத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் ஊற்றும் தொட்டிகளிலும் கொஞ்ச நாளில் அதே மாதிரி வெள்ளைத் திட்டு காணும்.

சொட்டுத்தானே என்று விடுகிறவர்களுக்காக ஒரு கணக்கு. தோராயமாக 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, அதாவது நாலேகால் லிட்டருக்கு மேல். வெம்பக்கோட்டை அணையையும் மானூர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையும் நம்பி, குழாயில் தண்ணீர் வரும் நாளுக்குக் காத்திருக்கும் சிவகாசியில் ஒரு மாதத்துக்கு 130 லிட்டர் என்பது சின்னக் கணக்கு இல்லை. தண்ணீரோடு போகட்டும் என்றும் விட முடியாது. ஸ்டாண்டு இரும்பாக இருந்தால் துருப்பிடிக்கும், பிளைவுட்டாக இருந்தால் ஊதிப்போகும். சொட்டும் இடத்துக்குக் கீழே ஸ்பைக் பஸ்டரும் பிளக்கும் கிடந்தால் உயிருக்கே ஆபத்து. ஒயர்களை பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே கொண்டுபோய்ச் சொருக வேண்டும். ஒயர் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. தொட்டிக்குப் போகும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டுக்கொள்வது கட்டாயம் என்றே சொல்ல வேண்டும்.

கசிவு துளையில்தான் என்று உறுதியானால் வேலை பாதி முடிந்தது. துளையில் மாட்டியிருக்கும் உறுப்பைத்தான் ஹார்டுவேர் கடையில் டேங்க் நிப்பிள் என்றும் டேங்க் கனெக்டர் என்றும் கேட்டு வாங்குகிறோம். மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்குப் போடுவதும் இதே சங்கதிதான். ஒரு பக்கம் அகலமான தலை, மறுபக்கம் மரை, அதில் ஏறும் நட்டு, நடுவே ரப்பர் வாஷர். தலையும் வாஷரும் தண்ணீர் இருக்கும் பக்கம் உட்கார வேண்டும், நட்டு வெளியே. கண்ணாடித் தொட்டி ஒழுகுவதற்குப் பெரும்பாலும் வாஷர் இடம் மாறி உட்கார்ந்திருப்பதே காரணமாக இருக்கும். வாஷரை நட்டுப் பக்கம் மாட்டினால் தண்ணீர் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைந்து, துளைக்குள் வந்து, மரையின் பள்ளங்கள் வழியாகவே சுற்றிச் சுற்றி வெளியே வந்துவிடும். அங்கே வாஷர் எவ்வளவு கனமாக இருந்தும் பயனில்லை.

பின்கண்ணாடித் துளை என்றால் தொட்டி முழுவதையும் காலி செய்ய வேண்டியதில்லை. துளைக்குக் கீழே மட்டத்தை இறக்கினால் போதும். நட்டைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: சில நிப்பிள்களில் மரை எதிர்த்திசையில் வெட்டியிருக்கும். வழக்கமான பக்கம் திருக வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் மறுபக்கம் திருகிப் பாருங்கள். கழற்றிய வாஷரை விரலால் மடித்துப் பாருங்கள். விறைத்துப்போயிருந்தாலும் ஓரத்தில் பிளவு இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டுங்கள். வாஷர் உட்காரும் வட்டத்தில் ஒட்டியிருக்கும் பாசி, உப்பு, பழைய சிலிக்கான் எல்லாவற்றையும் பிளேடால் சுரண்டித் துடைக்க வேண்டும். ஒரு மணல் பருக்கை சிக்கினாலும் மறுபடி கசியும். மாட்டும்போது கையால் இறுகும்வரை திருகி, அதற்கு மேல் கால் சுற்று. அவ்வளவுதான். பைப் ரெஞ்ச் போட்டு முறுக்கினால் ரப்பர் பிதுங்கி வெளியே வரும். அதற்கும் அசையாமல் முறுக்கினால் கண்ணாடி விரியும்.

வாஷர் நன்றாக இருந்தும் ஒழுகுகிறதா? கீழே போகும் குழாயைப் பாருங்கள். விறைப்பான பி.வி.சி. குழாயை நேர்க்கோட்டில் வராமல் இழுத்துப் பிடித்து ஒட்டியிருந்தால் அதன் முறுக்கு இருபத்து நாலு மணி நேரமும் நிப்பிளைத்தான் நெம்பும். குழாயின் பாரத்தை ஸ்டாண்டில் ஒரு கிளாம்ப் அடித்துத் தாங்க வைக்க வேண்டும். நடுவே ஒரு யூனியன் போட்டுவிட்டால் அடுத்த முறை அறுக்காமல் கழற்றலாம். மரை இணைப்பில் கசிந்தால் டெஃப்லான் டேப் சுற்றினால் தீரும். சால்வென்ட் ஒட்டில் கசிந்தால் அந்தத் துண்டை அறுத்துப் புதிதாகப் போடுவதுதான் வழி. வெளியே எம்-சீல் உருண்டையை அப்பி நிறுத்துகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. வீட்டுக் குழாய்க்கு அது எப்படியோ, தொட்டிக்கு வேண்டாம். தண்ணீர் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. அடைப்பும் உள்பக்கம் இருந்தால்தான் தண்ணீரின் அழுத்தமே அதைக் கண்ணாடியோடு சேர்த்து அமுக்கும்.

துளையிலிருந்து முடிபோல ஒரு கீறல் கிளம்பியிருந்தால் பேச்சே இல்லை. தொட்டியைக் காலி செய்துவிட்டு அந்தக் கண்ணாடியையே மாற்ற வேண்டும். முன்பு சொன்ன நாலடித் தொட்டியில் பின்கண்ணாடி ஒன்றின் மேல் மட்டும் தண்ணீர் நூறு கிலோவுக்கு மேல் தள்ளிக்கொண்டிருக்கிறது. கீறலின் மேல் பூசிய சிலிக்கான் அந்தப் பாரத்தைத் தாங்காது. இப்படிக் கீறல் விழுவதற்குத் துளையிட்ட விதம்தான் பெரும்பாலும் காரணம். துளைக்கும் கண்ணாடி விளிம்புக்கும் நடுவே குறைந்தது துளையின் விட்டம் அளவுக்காவது இடம் விட வேண்டும். வைர முனை ஹோல் சாவைத் தண்ணீர் விட்டுக்கொண்டே, மெதுவான வேகத்தில், அழுத்தாமல் இறக்க வேண்டும். டஃபன்ட் கண்ணாடியில் துளையிடவே முடியாது, முனை பட்டதும் தூள்தூளாகிவிடும். கண்ணாடிக் கடையில் சாதாரணக் கண்ணாடியா, டஃபன்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் டிரில்லைக் கையில் எடுக்கக் கூடாது.

இனி பெட்டியின் ஒட்டுக்கு வருவோம். கஷ்டமான வேலை இதுதான். சிவகாசிக்கென்று ஒரு தனிக் கணக்கு இருப்பதும் இதில்தான்.

புதிய சிலிக்கான் பழைய சிலிக்கானின் மேல் ஒட்டாது. கசிகிற மூலையில் மேலோட்டமாக இன்னொரு கோடு இழுத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்குவதுபோல் தெரியும், பிறகு தோலாக உரிந்து வரும். பழையதைப் பிளேடால் முழுக்க எடுத்து, கண்ணாடி பளபளக்கும்வரை துடைத்தாக வேண்டும். துடைப்பதற்கு நல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதாவது ஐ.பி.ஏ. ஆஃப்செட் அச்சில் பிளேட்டை ஈரப்படுத்தும் தண்ணீரில் கலப்பதும் இதைத்தான் என்பதால் காலண்டரும் பட்டாசு லேபிளும் அச்சாகும் ஊரில் இதைத் தேடி அலைய வேண்டியதில்லை. எளிதில் தீப்பிடிக்கும் திரவம். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் பயன்படுத்துங்கள். வாங்கும் சிலிக்கான் பூஞ்சைக் கொல்லி கலக்காத, மீன் தொட்டிக்கு ஏற்றது என்று குறிப்பிட்டதாக இருக்கட்டும். குளியலறைக்கென்று விற்கும் ரகங்களில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து சேர்த்திருப்பார்கள், அது மீனுக்கு ஆகாது. தொட்டிக்குப் பயன்படும் ரகம் காயும்போது புளிக்காடி வாடை அடிக்கும். வெளியேறுவது அசிட்டிக் அமிலம்.

சிலிக்கான் காய்வது, பெயிண்ட் காய்வதைப் போன்றது அல்ல. பெயிண்ட் தன்னிடம் இருக்கும் ஈரத்தை இழந்து காய்கிறது. சிலிக்கான் காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. ஈரப்பதம் பாதியளவு இருக்கும் காற்றில், மேலிருந்து உள்நோக்கி நாளைக்குச் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் இறுகும். காற்று வறண்டால் இது தாமதமாகும். சிவகாசியைச் சிவகாசி ஆக்கியது அந்த வறண்ட காற்றுதானே! 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். மழை குறைந்த, வெயில் தாராளமாகக் கிடைக்கும் இந்தக் கரிசல் பூமியில் அந்தத் தொழில் வேர்பிடித்தது. குச்சியும் பட்டாசும் காய்வதற்கு எது வாய்ப்போ அதுவே சிலிக்கானுக்கு இடைஞ்சல். சித்திரை, வைகாசியில் மேல்தோல் சீக்கிரமே காய்ந்து, தொட்டால் ஒட்டாது. உள்ளே இன்னும் பசையாகவே இருக்கும். அதை நம்பித் தண்ணீர் நிரப்பினால் போச்சு.

வெயிலில் கொண்டுபோய் வைத்தால் சீக்கிரம் காயும் என்று நினைப்பது ஊர்ப் பழக்கம். தொட்டியை அறைக்குள்ளேயே வையுங்கள். ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஈரத்துணியைக் கொடியில் தொங்கவிடுங்கள்; ஒட்டிய இடத்தில் மட்டும் தண்ணீர் படக் கூடாது. தடித்த கோட்டுக்கு ஒரு வாரம் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இந்த ஏற்பாடு எதுவும் தேவைப்படாது.

பெட்டி எதனால் செய்தது என்பதும் முக்கியம். கண்ணாடித் தொட்டிக்குள் கறுப்பு அக்ரிலிக் தகட்டில் பெட்டி செய்து ஒட்டித் தருவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சிலிக்கான் கண்ணாடியைப் பிடிக்கிற அளவுக்கு அக்ரிலிக்கைப் பிடிக்காது. அக்ரிலிக் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் நெளியவும் செய்யும். ஒட்டு விடுகிற இடம் அநேகமாக அந்தப் பக்கம்தான். இரண்டு முறை ஒட்டியும் விட்டுப்போன அக்ரிலிக் பெட்டியை மூன்றாம் முறை ஒட்டுவதைவிட, அதே அளவுக்குக் கண்ணாடியை வெட்டி வாங்கிப் புதிதாகக் கட்டுவது மேல். கறுப்பாக வேண்டும் என்றால் கறுப்புக் கண்ணாடியே கிடைக்கிறது.

ஒட்டும் அக்ரிலிக்கும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு பெர்லின் நகரில் நடந்ததைச் சொல்லலாம். அங்கே ஒரு ஹோட்டல் கூடத்தின் நடுவே ‘அக்வாடோம்’ என்ற உருளைவடிவ அக்ரிலிக் தொட்டி இருந்தது. சுமார் 10 லட்சம் லிட்டர் தண்ணீர், ஆயிரத்துக்கு மேற்பட்ட மீன்கள். 2022 டிசம்பர் 16 அதிகாலை அது வெடித்துத் தெருவரை வெள்ளமாக ஓடியது. மறு ஆண்டு வந்த நிபுணர் அறிக்கை இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாமல் மூன்று சாத்தியங்களை முன்வைத்தது. ஒட்டு விட்டிருக்கலாம், சீரமைப்பின்போது அடியில் சிறு வெட்டு விழுந்திருக்கலாம், காலியாக வைத்திருந்த காலத்தில் அக்ரிலிக் உலர்ந்து சேதமாகியிருக்கலாம். உலகத் தரத்தில் கட்டிய தொட்டிக்கும் ஒட்டே கண்டமாக இருந்திருக்கலாம் என்றால், வீட்டுத் தொட்டியின் ஒட்டைக் கவனிப்பதில் தவறே இல்லை.

வேலை நடக்கும் நாட்களில் மீன்களுக்கு டிரம்மோ பெரிய பிளாஸ்டிக் டப்போ போதும், தொட்டியில் இருந்த தண்ணீரையே அதில் ஊற்றுங்கள். ஏர் பம்ப் ஓடட்டும். மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். ஃபில்டர் பஞ்சையும் கற்களையும் காயவிடாதீர்கள், குழாய்த் தண்ணீரில் அலசவும் செய்யாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா அவற்றில்தான் குடியிருக்கிறது. காய்ந்தாலும் குளோரின் பட்டாலும் அது செத்துப்போகும். அப்புறம் தொட்டி ஒழுகாது, மீன்தான் சாகும்.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. துளை போட்ட தொட்டியும் சம்பும் அவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுகின்றன. தூத்துக்குடி பக்கத்தில் இருக்கிறது, மீனையும் பவளத்தையும் கடலிலிருந்தே எடுத்துவந்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் இணங்க வேண்டாம். பவளமும் கடல்குதிரையும் 2001 முதல் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே பெருக்கும் முறையை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் உருவாக்கிப் பயிற்சியும் தந்திருக்கிறது. குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த மீனைக் கேட்டு வாங்குவதே சரி.

பழுது பார்த்த தொட்டியை ஒரே நாளில் ஸ்டாண்டில் ஏற்றி மீன் விடாதீர்கள். துளையை அடைத்து, பெட்டியை மட்டும் நிறைத்து ஒரு ராத்திரி வையுங்கள். பிறகு தொட்டியைப் பல் விளிம்புக்குக் கீழேவரை நிறைத்து, பெட்டியைக் காலியாக வைத்து இன்னொரு நாள். இரண்டிலும் டிஷ்யூ நனையவில்லை என்றால் மோட்டாரை ஓடவிட்டு, நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி, சம்ப் எதுவரை ஏறுகிறது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடும்போது சம்ப் மட்டம் எவ்வளவு இருக்கலாம் என்பதை அந்தக் கோடுதான் தீர்மானிக்க வேண்டும். மேலேற்றும் குழாயின் வாய் தண்ணீருக்குள் ஆழமாக இருந்தால் மோட்டார் நின்றதும் அதன் வழியாகவும் தண்ணீர் திரும்பி இறங்கும். தண்ணீர் மட்டத்தை ஒட்டி அந்தக் குழாயில் ஒரு சிறு துளை போட்டால் காற்று புகுந்து அது நிற்கும். அந்தத் துளை பாசியில் அடைபடாமல் அவ்வப்போது குத்திவிட வேண்டும்.

புதிதாகத் துளை போட்ட தொட்டி செய்யச் சொல்லியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதுரையிலோ சென்னை கொளத்தூரிலோ, எங்கே வாங்கினாலும் கடையிலேயே தண்ணீர் நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, ஒரு நாள் முழுக்க வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மட்டம் பல்லுக்குக் கீழே இறங்கவில்லை என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.